பச்சைப் பானமும் பதினெட்டாம்படியும்

மேலமாசி வீதியில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பனுக்கு, மகா குடிகாரக் கவி என்று எங்கள் காலேஜ் முழுக்கப் பெயர். அவன் குடித்ததெல்லாம் சோம்புத் தண்ணீர். இந்த இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான்தான். நடந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. இப்போது நினைத்தாலும் சிரிப்பை அடக்க முடிவதில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் புதுமண்டபத்துப் பழைய புத்தகக் கடையில் நான் வாங்கி வந்த, அட்டை போன ஓர் ஆங்கிலப் பத்திரிகை. அதில் அப்சாந்த் என்ற பானத்தைப் பற்றி ஒரு கட்டுரை. பாரிஸ் நகரத்துக் கவிகள் குடித்த சரக்காம். நல்ல மரகதப் பச்சை. தம்ளரில் கொஞ்சம் ஊற்றி, மேலே ஓட்டைக் கரண்டியை வைத்து, அதில் சர்க்கரைக் கட்டி வைத்து, குளிர்ந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பச்சை கலங்கிப் பால்போல வெளுக்கும். பிறகு பச்சை உடுத்திய தேவதை ஒருத்தி வருவாள். கவிதை தருவாள், போகும்போது பைத்தியமும் தந்துவிட்டுப் போவாள். ஓர் ஓவியன் தன் காதையே அறுத்துக்கொண்டதற்கும் இதுதான் காரணம் என்று பேச்சாம். பிரெஞ்சு சர்க்கார் பயந்து தடையே போட்டுவிட்டதாம்.

தடை என்று படித்ததும் நண்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மாப்ள, நம்ம கவிதையில என்ன குறைன்னு இப்பத்தான்டா பிடிபடுது."

"யாப்பு தான?"

"போடா. இதுடா குறை!"

கட்டுரையின் கடைசியில் இன்னொன்றும் இருந்தது: இந்தப் பானம் முதலில் மருந்தாகத்தான் பிறந்தது, வெப்ப தேசத்துக்குப் போன சிப்பாய்களுக்குக் காய்ச்சல் வராமலிருக்கக் கொடுத்தார்கள் என்று. அந்தப் பத்தியை இருவரும் ஓடித் தாண்டினோம். மருந்தில் என்ன கவர்ச்சி இருக்கிறது?

கோச்சடைப் பக்கம் கள்ளுக்கடையில் ஒரு கலயம் கள்ளைக் குடித்துவிட்டு மாட்டோடு பேசிக்கொண்டு போகிற வண்டிக்காரனுக்குக் குடிகாரன் என்று பெயர். அதையே பாரிசில் செய்தால் மேதை. எங்களுக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் என் நண்பனுக்குக் கள் வாடையே ஆகாது, குமட்டும். ஆகவே குடிக்காமலே மேதையாவது என்று முடிவு செய்தான்.

ஒரு போத்தலில் சோம்பு கொதித்த தண்ணீர். நிறத்துக்கு மரிக்கொழுந்தைக் கசக்கிப் பிழிந்த சாறு. அப்சாந்தில் சேரும் கசப்புச் செடிக்கு நம் மரிக்கொழுந்து பங்காளி என்று எங்கள் தாவரவியல் லெக்சரர் சொல்லியிருந்தார். அவன் மரிக்கொழுந்தைத் தேர்ந்தெடுத்த காரணம் அதுவல்ல. அவனுடைய மாமன் மகள் தினமும் தலையில் வைப்பது மரிக்கொழுந்து. அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்தே அவளைத்தான் கட்டுவது என்று இருந்தான். அவனுடைய பச்சைத் தேவதை யார் என்று எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

ஒரு தகரக் கரண்டியில் ஆணியால் ஓட்டை போட்டோம். அதில் கற்கண்டு வைத்துத் தண்ணீர் சொட்டினோம். வெளுக்கவில்லை. அரை மணி நேரம் சொட்டியும் வெளுக்கவில்லை. கடைசியில் பக்கத்து மெஸ்ஸில் அரிசி களைந்த தண்ணீரை வாங்கி வந்து அதைச் சொட்டினான். அருமையாக வெளுத்தது. மாட்டுக்கு வைக்கிற கழனித் தண்ணீரில் மதுரையின் நவீன கவிதை பிறந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் அறைக்கு இலக்கிய நண்பர்கள் நாலைந்து பேர் வருவார்கள். அவன் அவர்கள் முன்னால் சொட்டுவான், உறிஞ்சுவான், கண்ணை மூடுவான். யாருக்கும் ஒரு மிடறுகூடத் தரமாட்டான். "வேணாம்ப்பா, உங்க மூளை தாங்காது" என்பான். அவர்கள் பக்தியோடு தலையாட்டுவார்கள். போன மாதம் வரை அவர்கள் கொட்டாவி விட்டுக் கேட்ட அதே கவிதைகள், போத்தல் வந்ததும் ஆழமாகிவிட்டன. ஒரு வரி மாறவில்லை. காலேஜ் தமிழ் மன்றத்தில் அவன் "பச்சைத் தேவதையே, என் நரம்பெல்லாம் உன் நடை" என்று வாசித்தபோது கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

கைதட்டல் ஓய்ந்தாலும் செய்தி ஓயவில்லை. அது கீழக்குயில்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கும் அவனுடைய தாய்மாமனின் காதுக்குப் போயிற்று. அவர் கதர் வேட்டிக்காரர். வெயிலென்றும் பாராமல் கோச்சடைக் கள்ளுக்கடை முன்னால் நின்று மறியல் செய்கிறவர். ஒரு ஞாயிறு சாயங்காலம், கரண்டியில் கற்கண்டு கரைந்துகொண்டிருந்த நேரத்தில், வாசலில் வந்து நின்றார்.

"என்னடா அது?"

இலக்கிய நண்பர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். 'சோம்புத் தண்ணி மாமா' என்று சொன்னால் மாமா நம்பியிருப்பார், கவி செத்திருப்பான். அவன் கரண்டியில் இன்னொரு சொட்டு விட்டான்.

நான் போத்தலை நீட்டினேன். "ஐயா, நீங்களே மோந்து பாருங்க."

"தள்ளி வையிப்பா! அந்தக் கருமத்த மோந்து பாக்குறதும் குடிக்கிறதும் எனக்கு ஒண்ணுதான்" என்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

பின்னாலேயே தெருவில் ஓடினோம். பஸ் நிற்கும் இடத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நண்பன் கெஞ்சினான்.

"மாமா, சத்தியமா அது சோம்புத் தண்ணி மாமா."

"அப்ப அம்புட்டுப் பேரு முன்னாடி ஏன்டா சொல்லல?"

மாமா கையை உதறிக்கொண்டார்.

"குடிக்கிறவன நிறுத்தச் சொல்லலாம். குடிக்காமலே குடிக்கிறேன்னு பேரு வாங்குறவன என்னத்த நிறுத்தச் சொல்றது? வர்ற வெள்ளிக்கிழமை அழகர்கோயில் பதினெட்டாம்படிக்கு வந்து, கருப்பன் முன்னாடி சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு. பண்ணினா பொண்ணு உனக்கு. இல்லையா, வேற இடம் பாத்தாச்சு, போ."

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் கோர்ட்டு கிடையாது. பொய்ச் சத்தியம் செய்தவன் வீடு போய்ச் சேரமாட்டான் என்று வக்கீல்கள்கூட நம்புகிறார்கள்.

வெள்ளிக்கிழமை போனோம். இலக்கிய நண்பர்களும் வந்திருந்தார்கள். கருப்பசாமி முன்னால் நின்று 'ஆமாம், குடித்தேன்!' என்று எங்கள் கவி முழங்கப்போவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். எதிர்ப்பக்கம் மாமா, அத்தை, மரிக்கொழுந்து வைத்த மாமன் மகள். நடுவில், கருப்பனாகவே கும்பிடுகிற, சந்தனம் அப்பிய பெரிய கதவுக்கு முன்னால், பூசாரி சூடத்தைக் கொளுத்தினார்.

"போதை தர்ற வஸ்து ஒரு சொட்டுக்கூட என் நாக்குல பட்டதில்லைன்னு சொல்லி அணை" என்றார் மாமா.

நண்பன் கையை நீட்டினான். கை சூடத்துக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. முகம் வெளுத்துவிட்டது. இலக்கியத் தரப்பில் ஒரு மகிழ்ச்சி முனகல். அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அந்தப் பெண் மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா" என்றான் ஈனசுரத்தில், "அரிஷ்டம் கணக்குல சேருமா?"

"எது?"

"திராட்சாரிஷ்டம் மாமா. போன வருஷம் எனக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப நீங்கதான வாங்கிக் குடுத்தீங்க. புளிக்க வச்சு எடுக்குறதுதான அது? குடிச்சா லேசாக் கிறுகிறுன்னு வந்துச்சு. சத்தியம்னு வந்துட்டா சுத்தமா இருக்கணுமில்ல?"

"அது மருந்துடா!"

"அந்தப் பச்சையும் மருந்தாத்தான் மாமா ஆரம்பிச்சுச்சாம்."

ஓடித் தாண்டிய பத்தி அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது! அத்தைக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. "இவுக செரிமானத்துக்குன்னு தெனம் ரெண்டு வேளை அதைத்தான குடிக்காக" என்றார். "மறியலுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு கிளாசு சேத்தே குடிப்பாக. அப்பத்தான் கோஷம் போடத் தெம்பு வருதாம்."

மாமா அந்தச் சந்தனக் கதவைப் பார்த்தார். கருப்பனும் அவரைப் பார்த்திருக்க வேண்டும். அவருடைய நெற்றியில் வேர்த்தது.

"சாமி, சூடம் எரிஞ்சு தீரப்போகுது. சீக்கிரமா முடிவு பண்ணுங்க" என்றார் பூசாரி.

"அரிஷ்டம் நீங்கலா!" என்று கத்தினார் மாமா. "அரிஷ்டம் நீங்கலா ஒரு சொட்டும் குடிச்சதில்லைன்னு பண்ணுடா!"

பண்ணினான். சூடம் அணைந்தது. நாள் குறித்தார்கள்.

அந்தப் பெண் எங்களைக் கடந்து போகும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அந்தப் போத்தல்ல என்னதான் இருந்துச்சு?" அவன் சொன்னான். மரிக்கொழுந்தைச் சொல்லும்போது அவள் தலை குனிந்தாள். கழனித் தண்ணீருக்கு வந்ததும் நிமிர்ந்துவிட்டாள். "அதையவா குடிச்சீக? கள்ளையே குடிச்சிருக்கலாம்!"

இலக்கிய நண்பர்கள் பஸ்ஸில் எங்களோடு உட்காரவில்லை. "ஒரு சொட்டுக் குடிக்காதவன் கவிதையவாடா இம்புட்டு நாளாக் கேட்டோம்?" என்று ஒருவன் முன் சீட்டில் குமுறினான். குமுறியவன் காப்பியைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. அதோடு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நின்றது. கவிதைகள் அப்படியேதான் இருக்கின்றன. ஆழம் மட்டும் போய்விட்டது.

கல்யாணமானதும் மருமகனைக் கையோடு மறியலுக்கு அழைத்துப்போனார் மாமா. மகா குடிகாரக் கவி கதர்க் குல்லாயும் கொடியுமாகக் கோச்சடைக் கள்ளுக்கடை வாசலில், மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றான். கோயிலில் நடந்தது அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது; வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

"கள்ளுக்கடை!" என்று மாமா அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்தார்.

'ஒழிக' என்று நாங்கள் சேர்ந்து சொல்வதற்குள், உள்ளே கலயமும் கையுமாக இருந்த வண்டிக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் முந்திக்கொண்டார்கள்:

"அரிஷ்டம் நீங்கலா!"

முதலில் சிரித்தது மருமகன்தான்.