ஊதாமல் போன இறக்கை

2007இல் கடலூர் பக்கம் விமானம் ஓட்டப் பழகினேன். எங்கள் சின்ன விமானத்தின் இறக்கையில் ஒரு துளை உண்டு. மூக்கை அளவுக்கு மேல் தூக்கி, விமானம் விழப்போகும் நிலைக்கு வந்தால் அதற்குள் இருக்கும் ஊதல் கத்தும். பறப்பதற்கு முன் துளையில் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சி, சத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

“சிதம்பரத்துப் பொண்ணு ரெக்கைக்கு முத்தம் குடுக்குது” என்று கூடப் பழகிய பையன்கள் சிரித்தார்கள். அன்று வெட்கப்பட்டு உறிஞ்சாமலே ஏறிவிட்டேன்.

இறங்குவதற்காகத் திரும்பியபோது என் கண் ஓடுபாதையிலேயே இருந்தது. மூக்கு அளவுக்கு மேல் ஏறியதைக் கவனிக்கவில்லை. ஊதலும் கத்தவில்லை. விமானம் குலுங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“மூக்க எறக்கு” என்று பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் கன்ட்ரோலை முன்னால் தள்ளினார். பிழைத்தோம். இறங்கிப் பார்த்தால், துளைக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

“இந்த ஊதலே வேணாம்மா, செவப்பு லைட்டு வெச்சிடலாம்” என்றார் அவர்.

“லைட்ட யாரு சார் பாக்குறது? எறங்கும்போது கண்ணுக்கு வேல ஜாஸ்தி. காதுதான் சும்மா இருக்கு.”

தப்பு என்னுடையது, அதற்காக ஊதலைக் கழற்ற நான் சம்மதிக்கவில்லை. மறுநாள், கூட்டைச் சுரண்டி எடுத்த பிறகு, அந்தப் பையன்களைப் பார்த்துக்கொண்டே உறிஞ்சினேன். கத்தியது.

இன்றும் யாராவது சிரித்தால், இன்னொரு தடவை உறிஞ்சுகிறேன்.