எம்டன் படம் மாட்டிய சலூன்காரர்

சுவரில் துளையிட்டுப் படம் மாட்டுவது என் வேலை. சென்னை கல்மண்டபம் பகுதியில் ஒரு சலூன்காரர் என்னைக் கூப்பிட்டிருந்தார். வழுக்கைத் தலை. வாயைத் திறந்தாலே வலதுகை விரல்கள் வெறும் காற்றில் கத்தரி போடும்.

அவர் வாங்கி வைத்திருந்தது தகட்டில் அச்சிட்ட படம். முதல் உலகப்போரில் ஜெர்மானியரின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டதை அந்தக் காலச் செய்தித்தாளில் வரைந்திருந்த ஓவியம் அது. எண்ணெய்த் தொட்டிகள் எரிகின்றன. ஜனங்கள் மூட்டையோடு ஓடுகிறார்கள்.

கட்டடத்தின் சொந்தக்காரர் உள்ளே வந்து பார்த்தார். "இன்னாபா, சாமி படம் கெடைக்கலியா? பத்திகினு எரியுறத மாட்டுற! என் செவுத்துல இந்தப் பேஜாரு வாணாம். மாட்டுனா கடைய காலி பண்ணிக்கோ."

சலூன்காரர் வாயைத் திறந்தார். இந்த முறை விரல்கள் கத்தரி போடவில்லை.

"பேப்பர்காரன் ஓடுனவங்கள மட்டும்தான் வரைஞ்சிகிறான் ஓனரே. எங்க தாத்தாவோட நைனா ஓடல. இதே தெருவுல குந்திகினு சவரம் பண்ணிகினு இருந்தாரு. நான் மட்டும் ஓடுவனா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீ மாட்டு மாமு."

யாராவது சத்தம் போட்டால் பையைத் தூக்கிக்கொண்டு நழுவிவிடுகிறவன் நான். அன்று ஏன் நகரவில்லை என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. நாலு ஸ்குரூ போதுமான படத்துக்கு எட்டு முடுக்கினேன். கழற்ற வேண்டுமென்றால் சுவரைத்தான் இடிக்க வேண்டும்.