ரத்தம் வீசிய வலை

என் கணவர் அந்தோணியின் வலது உள்ளங்கையில் முதலில் தெரிந்தது ஒரு கறுப்புப் புள்ளி. அவ்வளவுதான். மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் படகுகளைக் கட்டிப்போட்டுப் பழுது பார்ப்பார்கள். அப்போது இரும்புக் கயிற்றில் பிரிந்து நின்ற கம்பி ஒன்று குத்திவிட்டது. எங்கள் பக்கத்தில் படகுக்காரர்களின் காயத்துக்கு மருந்து டீசல்தான். டீசலில் நனைத்த துணியை அவர் கையில் சுற்றிவிட்டவள் நானேதான். நான் ராயபுரத்தில் பால்வாடி ஆசிரியை. பிள்ளைகள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் சோப்புப் போட்டுக் கழுவுவேன். வீட்டுக்கு வந்ததும் அந்தப் புத்தி எங்கே போகிறதோ.

மூன்றாம் நாள் தடை முடிந்தது. அதற்குள் கை வீங்கி, மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கிச் சிவப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது. உடம்பு கொதித்தது. ஆனால் தடை முடிந்து முதல்முறை கடலுக்குக் கிளம்புகிறவரிடம் வீட்டுப் பெண் "போகாதே" என்று சொல்லக் கூடாது. சொன்னால் படகில் போகும் அத்தனை பேருக்கும் ஆகாது என்பார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. முகம் காட்டிக்கொடுத்திருக்கும்.

"இன்னா மேரி, மூஞ்சிய தூக்கி வெச்சிகினு கீற? கம்பி குத்துனதுக்குலாம் வூட்ல குந்திகினு இருந்தா ஊரே சிரிக்கும்" என்றார்.

காய்ச்சல் மாத்திரை இரண்டைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தனுப்பினேன். என் வைத்தியம் அதோடு முடிந்தது.

இரண்டு நாள் கழித்து, கரை திரும்பிய வேறொரு படகில் அவரைக் கிடத்திக் கொண்டுவந்தார் அவர் தம்பி சேவியர். நேரே பெரிய அரசு மருத்துவமனை. மூச்சு இரைத்தது, என்னை யாரென்று தெரியவில்லை. வென்டிலேட்டர் (மூச்சு விட உதவும் இயந்திரம்) வைத்தார்கள். நோயின் பெயர் செப்சிஸ் (உடம்பில் நுழைந்த கிருமியை எதிர்க்கப்போய், உடம்பு தன் உறுப்புகளையே பாழாக்கும் நிலை) என்றார்கள்.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது இப்போது அப்படியொரு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கலாம். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நான் கேட்டேன். கம்பி குத்தியது உள்ளங்கையில், அந்தக் கையின் எல்லா விரலும் ஏன் கறுக்கிறது?

அந்த டாக்டர் அம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நின்றபடியே சொன்னார். "நியூட்ரோஃபில்னு ஒரு வெள்ளை அணு இருக்கு. கிருமி வந்தா முதல்ல ஓடி வர்றது அதுதான். முழுங்கிக் கொல்லும். முடியலன்னா தன்னையே உடைச்சுக்கிட்டு, உள்ள சுருட்டி வெச்சிருக்கிற டி.என்.ஏ. (மரபு இழை) எல்லாத்தையும் வலை மாதிரி வெளியே வீசும். கிருமி அதுல சிக்கும். இழையில இருக்கிற புரதங்கள் அதைக் கொல்லும். இதைக் கண்டுபிடிச்சே இருபது வருஷம்தான் ஆகுது."

"நல்லதுதானே டாக்டர்?"

"அளவோட வீசினா நல்லது. இவருக்கு அளவு மீறிப் போச்சு. ரத்தமே அதுல சிக்கி உறையும். சின்னச் சின்னக் குழாயெல்லாம் அடைச்சுக்கும். விரல் கறுக்க அதுவும் ஒரு காரணம்."

சேவியர் தலையாட்டினார். "கடல்ல அறுந்துபோன வலையும் அப்டித்தான் டாக்டர். இஸ்துகினு வர ஆளே இருக்காது. அதும்பாட்டுக்கு மீனப் புடிச்சிகினே இருக்கும்."

"அந்த வலையை மட்டும் எடுக்க எங்ககிட்ட மருந்து இல்ல" என்றார் டாக்டர். "கையை முழங்கைக்குக் கீழே எடுக்கணும். எடுத்தாலும் பிழைப்பார்னு உறுதி சொல்ல முடியாது."

கிருமியின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் உடம்பின் மேல்தான் வந்தது. அதைவிட என் மேல்.

"அண்ணி, படகு ஸ்டியரிங் புடிக்கிற கை. எய்ந்து வந்து எங்கடான்னு கேட்டா இன்னா சொல்றது?" சேவியர் அழுதார்.

"மொதல்ல எய்ந்து வரட்டும். அப்பால கேக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் அந்தக் கையைக் கேட்டு வாங்கினோம். துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கல்லறைத் தோட்டத்தில், என் மாமனாரின் குழியோரம் மண்ணை வெட்டி அடக்கம் செய்தோம். கைக்கு என்ன ஜெபம் சொல்வதென்று தெரியாமல் பாதிரியார் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

பதினோராம் நாள் கண் விழித்தார். படகு எப்போது கிளம்புகிறது என்று கேட்டார். அவருக்கு அந்தப் பதினோரு நாட்கள் நடக்கவே இல்லை. எனக்கு அவை இன்னும் முடியவில்லை.

வீடு திரும்பி இரண்டு மாதம் கழித்து, அந்த இடத்தைக் காட்டச் சொன்னார். கூட்டிப்போனேன். வெறும் மண் மேட்டைச் சுற்றி வந்து பார்த்தார்.

"தேதி கீதி எய்தி வெச்சியா?"

"இல்ல."

"எய்தாத. மீதியும் வந்து சேரட்டும். ஒண்ணா எய்திக்கலாம்."

வழக்கம்போல் கிண்டலாக்கும் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. இல்லாத விரல்கள் அரிக்கின்றன என்றார். நான் குனிந்து அந்த மண்ணைத் தடவிக் கொடுத்தேன்.