புரிஞ்சதுங்க சார்

இங்கே நான் கரும்பலகையில் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள், பின்வரிசைப் பெண் ஒருத்தி காலை நீட்டியபடியே, “எனக்குப் புரியவில்லை” என்கிறாள். கூச்சமே கிடையாது. கலிபோர்னியாவில், வேலைக்குப் போகிறவர்களும் வந்து படிக்கிற இந்தக் கம்யூனிட்டி காலேஜுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வந்த முதல் வாரத்தில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நம் ஊரில் வாத்தியாரைப் பார்த்து யார் அப்படிச் சொல்வார்கள்?

கப்பலேறுவதற்கு முன் சேலத்தில் ஒரு கல்லூரியில் நாலு வருஷம் வேலை பார்த்தேன். பரமத்தி வேலூர் செல்லமுத்து முன்பெஞ்சில் இருப்பான். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். “புரிஞ்சுதா?” என்பேன். “புரிஞ்சதுங்க சார்” என்பான். அவன் தலையாட்டினால் வகுப்புக்கே விளங்கிவிட்டது என்று பக்கத்தைத் திருப்பிவிடுவேன். அன்றைக்கு என் போதனா முறை அவ்வளவுதான். இண்டர்மீடியட் பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டான். மறுமுறை எழுதியும் தேறவில்லை.

“ஏனப்பா, ஒருநாளாவது புரியலைன்னு சொல்லக் கூடாதா?” என்று கேட்டேன்.

“நீங்க அத்தன சிரமப்பட்டுச் சொல்லிக் குடுக்கறீங்க. புரியலீங்கன்னா உங்களையே கொற சொன்னாப்பல ஆயிருமுங்களே” என்றான்.

டி.சி. வாங்க வந்த அவன் அப்பா, என்னைப் பார்த்துக் கைகூப்பினார். “நீங்க என்னங்க சாமி பண்ணுவீங்க, அவன் தலையெழுத்து.” நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றோடு ‘புரிந்ததா’ என்று கேட்பதை விட்டுவிட்டேன். பலகைக்குக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டச் சொல்வதே என் வழக்கமாயிற்று. இந்த ஊரில் அது பெரும்பாலும் பலித்தது. இந்தப் பருவத்தில் மனுவேல் வந்து சேர்ந்தார். மெக்சிகோக்காரர், திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை, என்னைவிட மூத்தவர். மெக்கானிக் சான்றிதழுக்கு இந்தக் கணக்கு அவசியம். அது கிடைத்தால் தோட்டத்து வெயிலிலிருந்து தப்பிவிடலாம். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, நான் சொல்வதற்கெல்லாம் “எஸ், ப்ரொபசர்” என்பார். எனக்குச் செல்லமுத்துவைப் பார்ப்பது போலவே இருந்தது. பலகைக்குக் கூப்பிட்டேன். சாக்பீஸைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். யாரும் சிரிக்கவில்லை. என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். மறுவாரம் வரவில்லை.

வீடு தேடிப் போனேன். நல்ல நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு அவர் நின்றார். அவர் மனைவி காப்பி கொடுத்தாள். “ஆரம்பத்திலிருந்து தனியாகச் சொல்லித் தருகிறேன். திங்கட்கிழமை வருவீர்களா?” என்றேன். “எஸ், ப்ரொபசர்” என்றார். அந்தப் பதிலைக் கேட்டதுமே வரமாட்டார் என்று தெரிந்துவிட்டது. அப்படியே ஆயிற்று. எனக்கு வேறு வழியும் தெரியவில்லை.

நேற்று டீன் கூப்பிட்டனுப்பினார். எனக்கு வேலை கொடுத்தவர், நல்ல மனிதர், என் அப்பா வயது. மனுவேலின் பெயரை நீக்கும் படிவம் மேஜைமேல் இருந்தது. “அவருக்குப் படிப்பு ஒத்துவராது. தோட்டவேலைதான் சரி. உங்களுக்கும் அப்படித்தானே தோன்றுகிறது?” என்றார்.

“தவறு அந்த மனிதர்மேல் இல்லை, நான் சொல்லிக்கொடுத்த விதத்தில்தான். அவருக்கு இன்னொரு பருவம் கொடுங்கள்” என்று சொல்ல வழியெல்லாம் வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். இந்த நாட்டில் அப்படிச் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பெரியவர் ஒரு முடிவுக்கு வந்தபிறகு முகத்துக்கு நேரே எப்படி மறுப்பது?

“எஸ், சார்” என்றேன். அவர் நாற்காலியைக் காட்டியும் உட்காராமல், நின்றபடியே கையெழுத்துப் போட்டேன்.