சவக்காலைக் குழாய்த் தண்ணீர்

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பேய், ஆவி, செய்வினை, சூனியம் எதையும் நான் ஒருநாளும் நம்பியதில்லை. என் வேலை அப்படி. ரொறன்ரோவில் உயரக் கட்டடங்களுக்கு நெருப்பு அலாம் பூட்டுவதும் திருத்துவதும் என் தொழில். காரணமில்லாமல் அடிக்கிற அலாம் என்று உலகத்தில் ஒன்றுமில்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே தூசி இருக்கும், இல்லாவிட்டால் ஒரு சிலந்தி குந்தியிருக்கும். இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து அந்தச் சிலந்தியைத் தேடிப் பிடிக்கிற ஆள் நான். அப்படிப்பட்ட எனக்கு வெயில் மண்டையில் அடித்துவிட்டது என்று என் மனைவியே ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள் என்றால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

முதலில் அத்தானைப் பற்றிச் சொல்லவேண்டும். அக்காவின் கணவர். ரொறன்ரோவின் ஓரத்தில் அவர்களுக்கு ரூஜில் வீடு, எனக்குப் பக்கத்தில் மில்லிக்கனில். ஐம்பது வயது தாண்டிய பிறகு அத்தானுக்குச் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. சனி ஞாயிறு என்றால் சோபாவில் சரிந்து கிடந்த என்னையும் விடவில்லை, வெட்கங்கெட்ட அந்த இறுக்கமான காற்சட்டையை வாங்கித் தந்து, இந்த ஊரில் இருக்கிற மேடெல்லாம் ஏற்றி இறக்கினார். இதை நன்றாகக் கவனியுங்கள், அவர்தான் என்னை ஏற்றினார்.

போன மாசியில் அத்தான் செத்துப்போனார். நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது என்று ஒரு கிளினிக்குக்குப் போனவரை, வாய்வு என்று குளிசை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு ஒருநாள் பேஸ்மென்றில், பின்சில்லைக் கழற்றி இரும்புத் தாங்கியில் பூட்டி வைத்திருந்த சைக்கிளை மிதித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். அக்கா இறங்கிப் போய்ப் பார்த்தபோது முன்னால் ரீவீயில் பிரான்ஸ் நாட்டுக் கிராமத்து ஒழுங்கை ஒன்று தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்ததாம். ஆனி மாதம் நானும் அவரும் அந்த ஒழுங்கைகளில் சைக்கிள் ஓடப் போவதாக இருந்தது. பனிக்காலம் முழுக்க அந்த வீடியோவைப் போட்டுப் போட்டுத்தான் மிதித்தார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டில், வந்த சனம் அத்தனைக்கும் முன்னால், சோற்றுக் கரண்டியோடு நின்ற என்னைப் பார்த்து அக்கா கத்தினாள்.

"நீதானேடா அந்த மனுசனைச் சைக்கிளிலை ஏத்தினது. நீ இழுத்து இழுத்துத்தான் அவர் போனவர்."

வாய்வு என்று சொன்ன டொக்டரை ஒரு சொல் சொல்லவில்லை, நான்தான் கொலைகாரன். அதற்குப் பிறகு என் போனை அவள் எடுக்கவில்லை, கதவைத் திறக்கவில்லை. எனக்கு இருப்பது ஒரே ஒரு அக்கா. அவள் முகத்தைக் காணாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அது வேறு விசயம். ஆனால் செய்யாததைச் செய்தேன் என்று சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஆனி வந்ததும் தனியாகவே வெளிக்கிட்டேன். துக்கத்தில் போகவில்லை, கோபத்தில் போனேன்.

இனி ஒரு சின்னச் சாமானைப் பற்றிச் சொல்கிறேன், அது விளங்காவிட்டால் மற்றது விளங்காது. சைக்கிள் ஹாண்டிலில் பூட்டுகிற தீப்பெட்டி அளவுக் கொம்பியூட்டர். வேகம், தூரம் காட்டும். நெஞ்சில் ஒரு பட்டி கட்டியிருந்தால் இதயம் அடிக்கிற கணக்கையும் காட்டும். என்னிடம் இருப்பது அத்தான் பாவித்துவிட்டுத் தந்தது, அவருடைய பட்டியை மட்டும்தான் அது அறியும். நான் பட்டி கட்டுவதில்லை. ஆகவே அந்த இடத்தில் எப்போதும் இரண்டு கோடுதான். ஆனால் அத்தான் பின்னால் நெருங்கி வந்தால் கோடு போய் அவருடைய இலக்கம் வந்துவிடும், மணிச்சத்தம் கேட்க முன்னமே ஆள் வருவது எனக்குத் தெரியும். ஒரு கார் நீளத்துக்கு அப்பால் போனால் திரும்பக் கோடு. சும்மா இருக்கும்போது அவருக்கு ஐம்பத்திரண்டு. எருமைமாட்டு இதயம் என்று பெருமையடிப்பார் பாவி.

பிரான்ஸின் தென்மேற்குப் பக்கம். வீடியோவில் கண்ட அதே ஒழுங்கைகள், ஆற்றோரம், சூரியகாந்தித் தோட்டம், எப்போதாவது ஒரு உழவு மெசின். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் திங்கட்கிழமை பின்னேரம் அந்த நாட்டுக் கிராமத்துக்குள் போய்ப் பாருங்கள். ஊரடங்குச் சட்டம் போட்ட மாதிரி. பேக்கரி பூட்டு, தேத்தண்ணிக் கடை பூட்டு, வீட்டு யன்னல் பலகைகள் எல்லாம் சாத்து. மாதா கோயில் மணி மட்டும் அடிக்கிறது, யாருக்கு அடிக்கிறார்களோ. என் போத்தலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மூன்று ஊர் தாண்டியும் ஒரு மனிதன் இல்லை. அந்த வெயிலில் ஒருவன் நாக்கு வறண்டு விழுந்து செத்தாலும் கடை திறக்கிற நேரத்துக்குத்தான் எடுத்துப் புதைப்பார்கள் போல.

அப்போதுதான் அத்தான் சொன்னது நினைவுக்கு வந்தது. பிரான்ஸில் தண்ணீர் முடிந்தால் சவக்காலைக்குள் போ, கல்லறைகளில் வைக்கிற பூவுக்கு ஊற்றக் குழாய் வைத்திருப்பார்கள், குடிக்கிற தண்ணீர்தான் என்று. செத்தவீட்டுக்குப் போய் வந்தால் வாசலிலேயே தலை முழுகிவிட்டு உள்ளே போகிற குடும்பம் நாங்கள். நம்பிக்கை இல்லாத நானும் அதைச் செய்கிறவன்தான், பழக்கம். சவக்காலைக்குள் போய்த் தண்ணீர் குடிப்பதா? ஆனால் தாகம். இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். மூலையில் குழாய் இருந்தது. குளிர்ந்த, நல்ல தண்ணீர். வயிறு நிறையக் குடித்தேன், இரண்டு போத்தலையும் நிரப்பினேன், யாராவது பார்க்கிறார்களா என்று களவாகப் பார்த்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மதிலோடு சாத்தியிருந்த சைக்கிளை எடுத்தபோது கோடு இருந்த இடத்தில் இலக்கம் இருந்தது. ஐம்பத்திரண்டு.

நீங்கள் நினைக்கிறதைத்தான் நானும் நினைத்தேன், அக்கம்பக்கத்தில் வேறு சைக்கிள்காரன் நிற்கிறான் என்று. மதிலைச் சுற்றி வந்தேன். ஒரு பூனை கூட இல்லை. கொம்பியூட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டேன். ஐம்பத்திரண்டு. ஊரை விட்டு வெளியே ஒரு மேடு, நெட்டுக்கு ஏறியது, அதில் மிதிக்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் இலக்கமும் ஏறியது. நூறு, நூற்றிருபது, பிறகு நூற்று நாற்பது. நின்றுவிட்டேன். அது நிற்கவில்லை. நான் வெயிலில் நிற்க, எனக்குப் பக்கத்தில் ஒரு இதயம் மேடு ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கோதுமை வயல், ஒளிந்து நிற்கவும் மரமில்லை.

பயந்தேனா என்று கேட்பீர்கள். பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம். இந்த மனிதனால் நான் கொலைகாரப் பட்டம் வாங்கி, கூடப்பிறந்தவளை இழந்து, சவக்காலைத் தண்ணீரும் குடித்து நிற்கிறேன், இவர் முகத்தைக் காட்டாமல் பின்னால் நின்று விளையாடுகிறார். வாய்விட்டே கத்தினேன்.

"உதிலை நிண்டு பாக்கிறதெண்டால் வந்து தள்ளுங்கோவன், அத்தான்!"

கத்தி வாய் மூடவில்லை, இரண்டு கோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ரொறன்ரோ வரும்வரை கோடுதான்.

மனைவிக்கு மட்டும் சொன்னேன், யாருக்கும் சொல்லாதே என்று சொல்லித்தான் சொன்னேன். என் மகன் பெரிய விஞ்ஞானி, தலை நிமிராமல் "அப்பா, உது சும்மா கிளிச், மெசின் பிழை" என்றான். மனைவி அடுத்த நாளே ஆரம்பித்துவிட்டாள். கதை கோயில் வரைக்கும் போய், அங்கிருந்து ரூஜுக்குப் போய்விட்டது. ஒரு ஞாயிறு காலை கதவு தட்டுகிறது, திறந்தால் அக்கா. மெலிந்துபோயிருந்தாள். உள்ளே வா என்று சொல்ல முன்னமே வந்து, கைப்பையிலிருந்து அத்தானுடைய நெஞ்சுப் பட்டியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"எந்த நாள் எண்டு சொல்லு."

"ஆனி இரண்டாம் திங்கட்கிழமை அக்கா. அங்கை பின்னேரம்."

"அப்ப இஞ்சை காலமை," என்றாள். கதிரையில் இருந்துவிட்டாள். "அவர் போனதுக்குப் பிறகு அண்டைக்குக் காலமைதான்ரா நான் முதன்முதல் பேஸ்மென்றுக்கு இறங்கினனான். உந்தச் சனியன் பிடிச்ச சைக்கிளை ஏத்திக்கொண்டு போக ஆக்களுக்குச் சொல்லியிருந்தன். கழட்டப் போனனான், என்னெண்டு தெரியேல்லை, ஏறி இருந்திட்டன். அவற்றை உடம்பிலை இருந்து கழட்டித் தந்த பட்டியையும் சைக்கிளோடை குடுத்துவிடக் கொண்டு இறங்கினனான், அதையும் கட்டினன். எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது எண்டு உனக்குத் தெரியும்தானே. அழுதழுது மிதிச்சன்."

உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. சிலந்தி அகப்பட்டுவிட்டது. ஒரு கார் நீளம் தாண்டாத சாமான் எப்படிக் கடல் தாண்டியது என்பதைப் பிறகு பார்ப்போம் என்று, பட்டியை எடுத்துச் சில்லறைக் காசால் பின்மூடியைத் திருகித் திறந்தேன். உள்ளே பற்றறி இல்லை.

"பற்றறி எங்கை அக்கா?"

"அதை அப்பவே கழட்டி என்ரை கார் திறக்கிற ரிமோட்டுக்குப் போட்டிட்டன். மாசியிலை."

வெறும் பட்டி. நான் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், தூசி கூட இல்லை. திரும்பக் கோடு வந்த நேரத்தை நினைத்து, எப்போது சைக்கிளால் இறங்கினாய் என்று கேட்டேன்.

"இறங்கேல்லை, குதிச்சனான். பின்னாலை ஆரோ முதுகிலை கையை வைச்சுத் தள்ளின மாதிரி இருந்தது. திரும்பிப் பாத்தால் ஒருத்தருமில்லை."

"எவடத்திலை?"

அக்கா கையைப் பின்னால் வளைத்துத் தொட்டுக் காட்டினாள். இடப்பக்கம், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். மறைக்கவில்லை, வெட்கத்தில் சொல்லாமல் விட்டது. மேட்டில் எனக்கு ஒருநாளும் மூச்சுக் காணாது. இத்தனை வருசமும் ஒவ்வொரு மேட்டிலும் அத்தான் பக்கத்தில் வந்து, ஒரு கையால் தன் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை என் முதுகில் வைத்துத் தள்ளித்தான் நான் ஏறினேன். அதே இடத்தில். இது என் மனைவிக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. நாற்பத்தெட்டு வயது ஆம்பிளை இதை யாரிடம் சொல்வான்? அன்றைக்குச் சொன்னேன்.

அக்கா முதுகிலிருந்து கையை எடுத்தாள்.

"அவரே உன்னைத் தள்ளினவர்?"

"ஓம்."

"அப்ப நீ அவரை இழுக்கேல்லை," என்றாள். பிறகு என் தலையைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு, சின்னவயதில் அழுகிற மாதிரி அழுதாள். நானும் அழுதேன், எனக்கென்ன. ஆனால் கோபம் போகவில்லை. கடல் தாண்டிப் போய், வாய்விட்டுத் தள்ளச் சொல்லிக் கேட்டவன் நான். அவர் தள்ளியது ரூஜில் அவளை. இது எந்த ஊர் நியாயம்?

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில்தான் அக்கா வீட்டுக்குப் போகிறேன். பட்டி அவளுடைய அலுமாரிக்குள் கிடக்கிறது, பற்றறி போட அவள் விடவில்லை. வழி முழுக்க இரண்டு கோடு. அவளுடைய தெருவுக்குள் திரும்பினால் ஐம்பத்திரண்டு. நம்பாவிட்டால் வந்து பாருங்கள். கதவைத் திறந்ததும் அக்கா சுகம் கேட்பதில்லை.

"எத்தினையடா?" என்பாள்.

"ஐம்பத்திரண்டு அக்கா."

தேத்தண்ணி வைக்கப் போய்விடுவாள். ஆனால் போன கிழமை அவள் கேட்டபோதும் ஐம்பத்திரண்டு என்றுதான் சொன்னேன், அது பொய். நூற்று நாற்பது காட்டியது. அக்கா கதவடியில் என் முன்னால் நிற்கிறாள், நான் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கிறேன், அந்த மனிதன் யாரைத் தள்ளிக்கொண்டு எந்த மேட்டில் ஏறினார் என்று அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.