பூசிய சுவருக்குத்தான் மருந்து

காய்ச்சலில் சாகும் காட்டுப்புறத்து மக்களை 'அறியாத ஜனங்கள்' என்று நீங்கள் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்? தும்கா பக்கத்துச் சந்தால் பழங்குடிப் பெண் மைனோ ஹேம்ப்ரமின் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல முடியுமா?

சுவரில் உட்காரும் கொசுவைக் கொல்ல வீட்டுச் சுவரெல்லாம் மருந்து அடிக்க வந்தபோது தட்டுமுட்டுகளை முற்றத்தில் எடுத்துப் போட்டு வழிவிட்டவள் அவள். மறுவாரம் சோஹ்ராய், மாட்டுக்கும் விளைச்சலுக்குமான திருவிழா. அதற்குமுன் மழை அரித்த சுவரை மண் குழைத்துப் பூசாவிட்டால் வீடு நிற்காது. பூசினாள். அடித்த மருந்து புது மண்ணுக்குள் மறைந்து போயிற்று. மலேரியாவில் மருமகள் சல்கேயின் கரு கலைந்தது. "மேல பூசினா மருந்து எப்படி வேலை செய்யும்?" என்று மேற்பார்வையாளர் ரஜக் பாபு திட்டினார். பூசுவதற்கு முன்னால் அதைச் சொல்ல ஒருவருக்கும் வாயில்லை. மேலிடத்திலோ, மக்கள் ஒத்துழைக்கவில்லை என்று பேச்சு முடிந்தது.

அடுத்த ஆண்டு சல்கே மறுபடி முழுகாமல் இருந்தாள். மருந்துக்காரர்கள் அதே வாரத்தில்தான் வந்தார்கள். மைனோ கயிற்றுக் கட்டிலை வாசலின் குறுக்கே போட்டு உட்கார்ந்தாள்.

"எந்திரி மௌசி, இன்னும் நாலு ஊரு கிடக்கு," என்றார் ரஜக் பாபு.

"திருவிழா முடியட்டும் பாபு. பூசிக் காய வச்சுட்டு நானே கூப்பிடுறேன்."

"உசுரவிட உனக்குத் திருவிழா பெருசா?"

"போன வருசம் ஒரு உசுரு போச்சே, அது உங்க தேதியிலதான் போச்சு. என் சுவரு மழைக்குக் கரையும், பூசித்தான் ஆகணும். உங்க தேதி என்ன, கல்லுல வெட்டினதா?"

மருந்துத் தொட்டியைச் சுமந்து நின்றவன் சிரித்துவிட்டான். பாபு அவனை முறைத்தார்.

"மறுத்துட்டாள்னு எழுதிடுவேன்."

"எழுதுங்க. எதுக்கு மறுத்தேன்னும் சேத்து எழுதுங்க."

அடுத்த வாசலிலும் ஒரு கட்டில் விழுந்தது. அதற்கடுத்த வாசலிலும். வண்டி திரும்பிப் போயிற்று.

சல்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாமியாரிடம் கேட்டாள்: "ஆயோ, அவங்க வராமலே போயிட்டா?"

"நாம போவோம்."

வரவில்லைதான். சுவர்கள் காய்ந்ததும் பெண்கள் சுகாதார நிலையத்துக்கு நடந்தார்கள். அங்கே நின்ற மருந்து ஜீப்பின் முன்னும் பின்னும் உட்கார்ந்தார்கள்.

"இன்னிக்கு இந்த வண்டி எங்க ஊருக்குத்தான் போகும்," என்றாள் மைனோ. பொழுது சாய்வதற்குள் போயிற்று.

திருவிழாவுக்காகச் சுவரில் மைனோ வரைந்த காளையின்மேல் மருந்தின் வெள்ளைத் தாரை இன்னும் நிற்கிறது. அதன் கீழே, கொசுவலைக்குள், சல்கேயின் மகள் காலை உதைத்துக்கொண்டு கிடக்கிறாள்.

உங்கள் ஊருக்கும் மருந்து வண்டி வரும். சுவர் பூசுகிறவளைக் கேட்டா தேதி வைத்தீர்கள் என்று கேளுங்கள். இல்லையென்றால், கட்டிலை இழுத்து வாசலில் போடுங்கள்.