மஞ்சள் பூசிய மோட்டார் கல்

உப்பு வாரும் மாதங்களில் எங்கள் வீட்டில் எதைத் தொட்டாலும் பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்பு கையில் பட்டால் இன்றும் மார்ட்டின் சாரின் நினைவு வந்து உடம்பு கூசிப்போகிறது. அவருடைய பெற்றோர் ஹாலந்திலிருந்து ஆரோவிலுக்கு வந்தவர்கள். அவர் பிறந்தது அங்கேதான், வளர்ந்தது பக்கத்துக் குயிலாப்பாளையத்துப் பிள்ளைகளோடு. பிரம்மதேசம் கோயில் கல்வெட்டுகளில் தொடங்கி, பழைய மொபெட்டில் அலைந்து அலைந்து மரக்காணம் வட்டாரத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தவரை ஊரார் "வெள்ளக்கார வாத்தியார்" என்பார்கள், அவர் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை என்றாலும்.

முதல் உப்பு வாருவதற்கு முன் உப்பளத்தில் "படையல்" போடுவார்கள். பலகை, மண்வெட்டி, ஆயில் இன்ஜின் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் மஞ்சள், குங்குமம். மறுநாள் வந்த சார், வரப்போரம் பொட்டு வைத்து நின்ற கல்லைப் பார்த்துவிட்டு, அங்கே தனியாக இருந்த என்னிடம், "இது என்னா சாமிம்மா?" என்றார். எனக்குப் பதினோரு வயது. மோட்டாரைக் கட்டிவைக்க நட்ட கல் என்பது நன்றாகவே தெரியும். ஆனாலும் அவர் நோட்டில் என் பேர் ஏறவேண்டும் என்ற ஆசையில், புயலில் புருஷனைத் தேடிப்போய்ப் பாத்தியிலேயே செத்த "உப்பாத்தா" என்று அளந்துவிட்டேன். அவர் கண்கலங்கி எழுதிக்கொண்டார்.

புத்தகம் எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் வெளியானது. மேடையில் உப்பாத்தா கதையை வாசித்ததும் உப்பள முதலாளி எழுந்து, "அது நான் மோட்டாருக்கு நட்ட கல்லுப்பா! எங்கிருந்தோ வந்தவங்க நம்ம ஊரு கதைய எழுதுனா இப்படித்தான் இருக்கும்" என்றதும் கூடமே சிரித்தது. இரண்டாவது வரிசையில் இருந்த என்னை சார் ஒருமுறை பார்த்தார். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் குனிந்து பாவாடை நுனியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"தப்பு என்னுதுங்க. நாலு பேர்கிட்ட கேக்காம எழுதிட்டேன்" என்றார் அவர்.

இந்த மண்ணிலேயே பிறந்தவரை அன்று வெளியூர்க்காரராக்கியது என் வாய்தான். அதன் பிறகு அவர் கேள்விக்கு யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. எழுதுவதையே விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அப்போதும் நான் போய்ப் பார்க்கவில்லை.

இன்று அந்த உப்பளத்தில் பாதி, சாலையாகிவிட்டது. கல்லும் இல்லை, சாரும் இல்லை. போன மாதம் புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அந்தப் புத்தகம் கிடைத்தது. கடைசிப் பக்கத்தில், தகவல் சொன்னவர்கள் பட்டியலில் ஒரு பெயர் மட்டும் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. கடைக்காரரிடம் இருந்த இன்னொரு பிரதியையும் வாங்கிப் புரட்டினேன், அதிலும் அப்படியே. என்னை யாரும் ஒரு சொல் கேட்டுவிடக்கூடாது என்று, அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு பிரதியாக எடுத்து அவரே உட்கார்ந்து அடித்திருக்கிறார்.

வெளிச்சத்தில் பிடித்தால் மைக்கடியில் என் பெயர் இன்னும் தெரிகிறது.